களாச் செய்ய முடியாதது: பெருந்தொற்றில் முஸ்லிம்களின் வணக்கம் மாறிய விதம்

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. குவைத்தில் பாங்கு சொல்லத் தொடங்கிய மோதினார் ஒருவர், ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’, தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் வேறு வாசகத்தைச் சொன்னார். உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அவர் குரல் தழுதழுத்தது. அந்தக் காணொளி ஒரே இரவில் உலகமெங்கும் கைபேசிகளில் சுற்றியது. பார்த்தவர்கள் அழுதார்கள். வாழ்நாள் முழுக்க ‘வாருங்கள்’ என்று கூப்பிட்ட குரல் முதன்முறையாக ‘வராதீர்கள்’ என்கிறதே என்ற தவிப்பு அது.

ஆனால் அந்த வாசகம் 2020இல் பிறந்ததல்ல. மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) தம் மோதினாரிடம், ‘ஹய்ய அலஸ் ஸலாஹ் சொல்லாதே, ஸல்லூ ஃபீ புயூத்திகும் என்று சொல்’ என்றார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். ‘என்னைவிடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கிறார்’ என்று நபியவர்களை (ஸல்) குறிப்பிட்டுவிட்டு, ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை கட்டாயக் கடமைதான், ஆனாலும் சேற்றிலும் சகதியிலும் உங்களை நடக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை என்றார். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இது இருக்கிறது. காரணம் சேறுதான். உயிர்ப் பயம்கூட இல்லை.

பெருந்தொற்றின்போது முஸ்லிம்களின் வணக்கத்தில் என்னென்ன மாறின என்று பட்டியல் போடுவது எளிது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: மாறிய ஒவ்வொன்றுக்கும் மார்க்கத்தில் மாற்று வழி ஏற்கெனவே இருந்ததா, இல்லையா? தவறிய தொழுகையை களாச் செய்யலாம், அதாவது பிறகு தொழுது ஈடுசெய்யலாம். விட்ட நோன்பை வேறு நாளில் பிடிக்கலாம். இப்படிக் கடனை அடைக்க முடிந்தவை எவை, முடியாமல் போனது எது? இந்த ஆய்வு தேடிப்போனது அதைத்தான்.

கதவுகள் மூடிய வாரங்கள்

உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அதற்கு முன்பே, பிப்ரவரி 27இல், சவூதி அரேபியா வெளிநாட்டினரின் உம்ராவை, அதாவது ஹஜ் காலத்துக்கு வெளியேயும் செய்யும் மக்கா புனிதப் பயணத்தை, நிறுத்திவிட்டது. ஒரு வாரத்தில் உள்நாட்டினருக்கும் அதே நிலைதான். மார்ச் 5 அன்று கிருமிநீக்கத்துக்காக, கஅபாவை வலம்வரும் மதாஃப் தளத்தைக் காலி செய்தார்கள். கஅபாவைச் சுற்றி யாருமே இல்லாத அந்தப் படத்தைப் பார்த்துப் பலருக்கும் நெஞ்சு அடைத்துப்போனது. மார்ச் 17இல் இரு புனிதப் பள்ளிகளைத் தவிர நாட்டின் எல்லாப் பள்ளிவாசல்களிலும் கூட்டுத் தொழுகை நின்றது. அல்அக்ஸா வளாகம் மார்ச் 23இல் மூடப்பட்டு மே 31 அன்றுதான் திறந்தது. ஈரானில் வெள்ளிக்கிழமைத் தொழுகை மேடைகள் பிப்ரவரி இறுதியிலேயே ஓய்ந்திருந்தன. கும், மஷ்ஹத் நகர்களின் தர்கா வளாகங்கள் மார்ச் நடுவில் மூடப்பட்டன.

மார்ச் மாத முடிவுகள் சிலவற்றுக்கு உடனடிக் காரணம் ஒன்று இருந்தது. பிப்ரவரி கடைசியில் கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த, தப்லீக் என்ற மார்க்கப் பிரசார அமைப்பின் ஒன்றுகூடலுக்கு ஏறத்தாழ 16,000 பேர் வந்திருந்தார்கள். அங்கிருந்து தொற்று பல நாடுகளுக்குப் போனது. சிங்கப்பூர் மார்ச் 13 முதல் எல்லாப் பள்ளிவாசல்களையும் மூடியதற்கு அதுவே காரணம். வந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அப்போது நோய் எப்படிப் பரவும் என்று யாருக்குமே முழுசாகத் தெரியாது. இந்தியாவில் இதே அமைப்பின் டெல்லி கூட்டத்தை வைத்து ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொன்னது. தொற்றோடு சேர்ந்து இந்தப் பழியையும் சுமந்துகொண்டுதான் பலர் அந்த ரமலானுக்குள் நுழைந்தார்கள்.

எல்லா நாடும் மூடிவிடவில்லை. பாகிஸ்தானில் அரசும் மார்க்க அறிஞர்களான உலமாக்களும் பேசி, ஏப்ரல் 18 அன்று 20 அம்ச ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தார்கள். பள்ளிகள் திறந்திருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி, விரிப்புகளை எடுத்துவிட வேண்டும், 50 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே தொழ வேண்டும். எழுத்தில் நல்ல ஒப்பந்தம். ஆனால் கூட்டம் சேர்ந்த இடத்தில் ஆறடியைக் காவல் காப்பது யாரால் முடியும்? என் கணிப்பில், அந்த மாதங்களில் மூடியதுதான் சரி.

தாவூன் (கொள்ளைநோய்) காலத்துப் பாடங்கள்

‘பள்ளியை மூடுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) பலவீனம்’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. அல்லாஹ்வின் வீட்டை நேசித்தவர்களின் வலி அது. ஆனால் அவர்களுக்கான பதிலை உமர் (ரலி) சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பொ.ஆ. 639 வாக்கில் ஷாம் தேசத்தில் (இன்றைய சிரியா, பாலஸ்தீனப் பகுதி) அம்வாஸ் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. அங்கே போகக் கிளம்பிய கலீஃபா உமர், ஸர்க் என்ற இடத்தில் செய்தியைக் கேட்டார். மக்காவிலிருந்து குடிபெயர்ந்த முஹாஜிர்களிடம் ஆலோசித்தார், மதீனாவாசிகளான அன்ஸார்களிடம் ஆலோசித்தார். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. குறைஷி முதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடுங்கள் என்றார்கள். ‘அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?’ என்று கேட்டார் ஷாம் படைத்தளபதி அபூ உபைதா (ரலி). ‘ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்’ என்றார் உமர். அப்புறம் ஓர் உதாரணம் சொன்னார். உன் ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறாய், ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அவன் விதிதானே? அந்த நேரத்தில் வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), நபிமொழி ஒன்றை நினைவூட்டினார். ஓர் ஊரில் கொள்ளைநோய் என்று கேட்டால் அங்கே போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்துவிட்டால் அதிலிருந்து தப்பி வெளியேறாதீர்கள். உமர் திரும்பினார். அபூ உபைதா தம் மக்களோடு ஷாமிலேயே இருந்து, அதே நோயில் இறந்தார்.

இன்னொரு சாட்சி இதைவிடக் கனமானது. ஹதீஸ் துறையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி தம் மூன்று மகள்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். கொள்ளைநோய் பற்றியே தனி நூல் எழுதினார். ஹிஜ்ரி 833இல், அதாவது 1430இல், கெய்ரோவில் தாம் கண்டதை அதில் பதிந்திருக்கிறார். நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு 40க்கும் குறைவானவர்களே இறந்துகொண்டிருந்தார்கள். மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, மழைத் தொழுகைக்குப் போவதுபோலப் பாலைவெளிக்குத் திரண்டு போய் துஆ (பிரார்த்தனை) கேட்டுத் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சாவு நாளுக்கு 1,000ஐத் தாண்டியது. கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலம். ஆனாலும் கூட்டம் சேர்ந்த பிறகு சாவு பெருகியது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஹஜ்ஜுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1865இல் காலரா புகுந்தபோது மக்காவில் கூடியிருந்த சுமார் 90,000 பேரில் 15,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதன் பிறகுதான் 1866இல் இஸ்தான்புல்லில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் முகாம் வந்தது. நோய்க்காகப் பயணிகளைத் தடுத்து நிறுத்துவது கோவிட் காலம் கொண்டுவந்த வழக்கமல்ல.

ஜும்ஆவும் எண்ணிக்கையும்

ஜும்ஆவுக்குப் போக முடியாதவர் வீட்டில் நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட லுஹர் என்னும் நண்பகல் தொழுகையைத் தொழ வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் என்றைக்கும் உள்ள சட்டம் இது. பெருந்தொற்றில் ஊர் முழுவதற்கும் அது பொருந்தியது, அவ்வளவுதான். ஆனால் பள்ளியில் நான்கைந்து பேர் மட்டும் கூடலாம் என்று அரசு சொன்ன இடங்களில் சுவையான ஃபிக்ஹுச் (மார்க்கச் சட்டச்) சிக்கல் எழுந்தது. ஹனஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) இமாமைத் தவிர மூன்று பேர் இருந்தால் ஜும்ஆ கூடிவிடும். ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சட்டப்படி 40 பேர் வேண்டும். ஆகவே ஒரே ஊரில், ஒரே வெள்ளிக்கிழமை, ஒரு பள்ளியில் ஐந்து பேரோடு குத்பா (ஜும்ஆ உரை) நடந்தது, அடுத்த பள்ளியில் அதேபோல் ஐந்து பேர் லுஹர் தொழுதார்கள். இரண்டும் சரிதான். ஹனஃபிகளுக்கு வேறொரு கேள்வி வந்தது. ஜும்ஆவுக்கு ‘இத்னு ஆம்’, அதாவது யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பொது அனுமதி நிபந்தனை. வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே நான்கு பேர் தொழுதால் அந்த நிபந்தனை நிறைவேறுமா? பூட்டியது தொழ வருபவரைத் தடுக்க அல்ல, நோயைத் தடுக்கத்தான், ஆகவே கூடும் என்றார்கள் பல ஆலிம்கள்.

திரையில் இமாமைப் பார்த்துப் பின்தொடரலாமா என்பதும் பெரிய விவாதம். ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் உட்படப் பெரும்பாலான அமைப்புகள் கூடாது என்றே முடிவு சொல்லின. ஜமாஅத் என்றால் ஒரே இடத்தில் ஒன்றுசேர்வது. குரல் மட்டும் வந்து சேர்ந்தால் அது ஜமாஅத் ஆகாது. பயானை (மார்க்கச் சொற்பொழிவை) காணொளியில் கேட்கலாம், குர்ஆன் ஓதக் கற்கலாம், துஆவில் சேர்ந்து ஆமீன் சொல்லலாம். ஆனால் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கும்போது உன் முன்னால் நிற்பவர் உன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மனத்துக்கு இதமானதைத் தராமல், வீட்டிலேயே ஜமாஅத் நடத்து என்று குடும்பத்தின் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டின் ஒரு மூலை

அப்படி நடந்த ஒரு ஜமாஅத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அறையின் நடுவில் இருந்த மேசை சுவரோரம் நகர்ந்திருக்கிறது. கைபேசியில் கிப்லாவைச் சரிபார்த்து, விரிப்புகள் கொஞ்சம் சாய்வாக விழுந்திருக்கின்றன. வாப்பா முன்னால் நிற்கிறார். வாழ்நாளில் இமாமாக நின்றவரல்ல. பின்னால் மகன், அவன் பக்கத்தில் தம்பி, அவர்களுக்குப் பின் வரிசையில் உம்மாவும் மகளும். ‘அல்லாஹு அக்பர்’ என்று அவர் சொன்ன குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டாவது ரக்அத்தில் ஓர் ஆயத்தில் தடுமாறி நிற்கிறார். பின் வரிசையில் இருந்து மகள் மெதுவாக ஒருமுறை கைதட்டுகிறாள். பெண்கள் இமாமுக்குத் தவறை உணர்த்தும் முறை அது. எடுத்துக்கொடுப்பவன் பத்து வயதுத் தம்பி. அந்த வாரம் மனனம் செய்த சூரா (குர்ஆன் அத்தியாயம்) அவனுடையது. இது போன்ற வீடுகள் அந்த ரமலானில் எண்ணற்றவை.

வீட்டில் தொழும் இடத்துக்கு ஓர் அழகான முன்னுதாரணம் உண்டு. இத்பான் இப்னு மாலிக் (ரலி) பார்வை மங்கியவர், தம் கூட்டத்தாருக்கு இமாம். மழை பெய்தால் அவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே வெள்ளம் ஓடும். அவர் நபியவர்களிடம் வந்து, என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுங்கள், அந்த இடத்தையே நான் தொழுமிடமாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். மறுநாள் அபூபக்ரோடு (ரலி) நபியவர்கள் வந்தார்கள். வந்து உட்காருவதற்கு முன்பே, ‘வீட்டில் எந்த இடத்தில் தொழ வேண்டும் என்கிறீர்?’ என்றார்கள். அவர் ஒரு பக்கத்தைக் காட்டினார். அங்கே தக்பீர் கட்டி இரண்டு ரக்அத் தொழ வைத்தார்கள். பள்ளிக்குப் போக முடியாத மனிதனின் வீட்டுக்கு நபியே வந்து ஒரு மூலையைத் தொழுமிடமாக்கிக் கொடுத்த சம்பவம் இது. 2020இல் இதை மேடையில் சொன்ன ஆலிம்கள் குறைவு என்பது என் ஆதங்கம். சட்ட ஆதாரங்களைவிட இந்தக் காட்சிதான் மனங்களை ஆற்றியிருக்கும்.

ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் விஷயத்திலும் அப்படித்தான். ‘பள்ளியில் தராவீஹ் இல்லாத ரமலானா?’ என்று கலங்கியவர்கள் நிறைய. நபியவர்கள் சில இரவுகள் மட்டுமே பள்ளியில் அதை ஜமாஅத்தாக நடத்தினார்கள். கூட்டம் பெருகியதும், கடமையாக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். ஒரே இமாமின் பின்னால் மக்களைத் திரும்பவும் ஒன்றுசேர்த்தது உமர். இமாமாக நின்றவர் உபை இப்னு கஅப் (ரலி). ஆக, வீட்டுத் தராவீஹ் பின்னால் வந்த சமாளிப்பு அல்ல. புனிதப் பள்ளிகள் இரண்டிலும் அந்த ஆண்டு இமாமும் பணியாளர்களும் மட்டும் நின்று, பத்து ரக்அத்தாகக் குறைத்துத் தொழுதார்கள்.

குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் இல்லாத வீட்டில் நீண்ட கிராஅத் (ஓதல்) எப்படி? குர்ஆனைக் கையில் பிடித்துப் பார்த்து ஓதலாமா? ஆயிஷா (ரலி) அவர்களின் பணியாளர் தக்வான், பார்த்து ஓதி அவர்களுக்கு இமாமத் செய்தார் என்ற செய்தி புகாரியில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. இமாம் அபூஹனீஃபாவிடம் தொழுகை முறிந்துவிடும். ஆகவே ஹனஃபி வீடுகளில் தெரிந்த சின்ன சூராக்களையே திரும்பத் திரும்ப ஓதினார்கள். ரமலானின் கடைசிப் பத்து நாள் தங்கியிருந்து வணங்கும் இஃதிகாஃப் மட்டும் ஆண்களுக்கு முடங்கியது, ஏனென்றால் அதற்குப் பள்ளி வேண்டும். ஹனஃபி சட்டத்தில் பெண்கள் தம் வீட்டில் தொழும் இடத்திலேயே இஃதிகாஃப் இருக்கலாம். எத்தனையோ வீடுகளில் அந்தப் பத்து நாளும் அந்த மூலையில் இருந்த ஒரே ஆள் உம்மாதான்.

பெருநாள் தொழுகையை வீட்டில் தொழுவதற்கு அனஸ் இப்னு மாலிக் (ரலி) முன்னுதாரணம். தொழுகை தவறிவிட்டால் குடும்பத்தைக் கூட்டி வீட்டிலேயே தொழுவார். சில நாடுகளில் வெளியே இடம் தேடினார்கள். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஒரு பெரிய மரச்சாமான் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், 2020 மே 24 அன்று சுமார் 800 பேர் இடைவெளி விட்டுப் பெருநாள் தொழுதார்கள். ஒன்றரை மீட்டர் விதியால் பள்ளிக்குள் இடம் போதாத பெர்லின் முஸ்லிம்களுக்கு, க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியின் லூத்தரன் தேவாலயம் ஒன்று ஜும்ஆவுக்குத் தன் கூடத்தையே திறந்துவிட்டது.

முகக்கவசமும் மருத்துவர்களும்

பள்ளிகள் திறந்த பிறகு வந்த மாற்றங்களில் எல்லோர் மனத்தையும் உறுத்தியது வரிசைதான். தோளோடு தோள் ஒட்டி, இடைவெளியை அடைத்து நில்லுங்கள் என்பது நபிமொழி. இப்போது தரையில் ஒட்டிய அடையாளம் தள்ளி நில் என்றது. இடைவெளி விடுவது சாதாரண நாளில் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). தேவை வந்தால் அந்த வெறுப்பு நீங்கிவிடும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. தொழுகையில் வாயை மூடுவதற்குத் தடை சொல்லும் ஹதீஸும், முகக்கவசத்துக்கு இதே விதியால் வழிவிட்டது. விரிப்பை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளூவை வீட்டிலேயே செய்து வந்தார்கள், முஸாஃபஹா (கைலாகு) செய்த கைகள் நெஞ்சுக்கு நகர்ந்தன. இதில் எதுவுமே தொழுகையின் ஃபர்ளு (கட்டாயக் கடமை) இல்லை.

மருத்துவமனைகளில் பாதுகாப்பு உடை அணிந்திருந்தவர்களின் சிரமம் வேறு வகை. ஒருமுறை மாட்டினால் பல மணி நேரம் கழற்ற முடியாது. ஒளூ எப்படிச் செய்வது? தொழுகை நேரம் போய்விடுமே? அச்சமோ மழையோ இல்லாதபோதும் நபியவர்கள் மதீனாவில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதார்கள் என்று இப்னு அப்பாஸ் அறிவிக்கிறார். ஏன் என்று கேட்டபோது, தம் சமுதாயத்துக்குச் சிரமம் தர அவர்கள் விரும்பவில்லை என்றார். ‘முஸ்லிம்’ என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள இந்தச் செய்தியை வைத்துத்தான் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சேர்த்துத் தொழும் சலுகையைச் சொன்னார்கள். தண்ணீரும் இல்லை, மண்ணைத் தொட்டுத் தூய்மையாகும் தயம்மும் செய்யவும் வழியில்லை என்றால்? ‘இரண்டு தூய்மையும் கிடைக்காதவர்’ என்று அவருக்கு ஃபிக்ஹு நூல்களில் பெயரே இருக்கிறது. இருக்கிற நிலையிலேயே தொழ வேண்டியதுதான் என்று பல அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தடுப்பூசி போடும் பணி நடந்துகொண்டிருந்தபோதே 2021 ரமலான் வந்தது. ஊசி நோன்பை முறிக்காது, அது உணவுமில்லை, பானமுமில்லை என்று சவூதியின் தலைமை முஃப்தி உட்படப் பலரும் சொன்னார்கள். மக்களை நம்பவைக்க ஃபத்வாவைவிட இடம் உதவியது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே பர்மிங்ஹாமில் ஓர் இஸ்லாமிய மையமே தடுப்பூசி மையமாக மாறியது. தொழப் பழகிய கூடத்தில் கையை நீட்டுவது எளிது.

ஏழு கல், ஒரு பை

ஹஜ் ஒரு மனிதனின் அரை ஆயுள் சேமிப்பு. 2019இல் 24.89 லட்சம் பேர் ஹஜ் செய்தார்கள். 2020 ஜூன் 22 அன்று, சவூதிக்குள் வசிப்பவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே அனுமதி என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு மினாவில் நின்றவர்களைச் சுமார் 1,000 என்றுதான் முதலில் சொன்னார்கள். நோயிலிருந்து மீண்ட மருத்துவப் பணியாளர்களும் பாதுகாப்புப் பணியாளர்களும் அதில் ஒரு பகுதி, மீதிப் பெரும்பங்கு அங்கே வாழும் பிற நாட்டினர். ஷைத்தானுக்கு எறியும் கற்களை முஸ்தலிஃபாவில் இருட்டில் குனிந்து தேடிப் பொறுக்குவது வழக்கம். மொத்தம் 49, இன்னொரு நாள் தங்கினால் 70. அந்த ஆண்டு அவற்றைக் கிருமிநீக்கி, பையில் அடைத்துக் கையில் கொடுத்தார்கள். கஅபாவைத் தொடக் கூடாது, ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிடக் கூடாது. தூரத்தில் நின்று கையால் சைகை செய்வதும் சுன்னத்தான (நபிவழி) முறைதான். நெரிசலில் முடியாதவர்கள் எப்போதும் செய்வது அதுவே.

ஆனால் உலகின் மற்ற மூலைகளில் பெயர் வந்து, பணம் கட்டி, இஹ்ராம் துணியை மடித்து வைத்திருந்த முதியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. 2021இலும் உள்நாட்டினர் மட்டும், ஏறத்தாழ 60,000 பேர், 65 வயது வரை. 2022இல் 10 லட்சம் பேருக்கு வாய்ப்பு, ஆனால் 65க்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். 2020இல் 64 வயதில் பெயர் வந்தவர் 2022இல் 66. வயது வரம்பு போனது 2023இல்தான். அதற்குள் இறந்தவர்களுக்காக வாரிசுகள் ‘பத்ல் ஹஜ்’, அதாவது அவர்கள் சார்பில் ஹஜ், செய்யலாம். அந்தக் கடனுக்கும் வழி இருந்தது.

திரும்பி வந்தவை

2020 அக்டோபர் 4 அன்று நாளொன்றுக்கு 6,000 பேர் என்ற கணக்கில், செயலியில் நேரம் பதிந்து, உம்ரா மீண்டும் தொடங்கியது. 2021 அக்டோபர் 17 சுபுஹில் மக்காவின் தரையில் ஒட்டியிருந்த இடைவெளி அடையாளங்கள் எடுக்கப்பட்டு, தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். கஅபாவைச் சுற்றியிருந்த தடுப்புகள் 2022 ஆகஸ்டில் அகன்றன. சில மாற்றங்கள் தங்கியும்விட்டன. வர முடியாத மக்களுக்கு ஆறுதலாக, 2020 ரமலானில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி பெற்றது. 2023இல் அந்த நகரமன்றம் ஐந்து வேளைப் பாங்குக்கும் வழிவிட்டது. பள்ளி மூடிய காலம் பாங்கைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

தொழுகை திரும்பியது, நோன்பு திரும்பியது, ஹஜ் திரும்பியது.

மய்யித்து

இறந்தவருக்கு நான்கு கடமை. குளிப்பாட்டுவது, கஃபனிடுவது (வெள்ளைத் துணி சுற்றுவது), தொழுவது, அடக்குவது. ஊரில் சிலராவது செய்தால் எல்லோர் தலையிலிருந்தும் இறங்கும் ஃபர்ளு கிஃபாயா இது. சாதாரண நாளில் பிள்ளைகளே குளிப்பாட்டுவார்கள். தன்னைக் குளிப்பாட்டி வளர்த்த உடம்புக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு பிள்ளை செய்யும் கடைசிப் பணிவிடை.

பெருந்தொற்றில் உடல் மூடி முத்திரையிட்ட பையில் வந்தது. பையைத் திறக்கக் கூடாது. குளிப்பாட்ட முடியாவிட்டால் தயம்மும். பாதுகாப்பு உடை அணிந்த தொண்டர் இருவர், கையுறை போட்ட உள்ளங்கைகளை மண்ணில் ஒருமுறை தட்டி, பைக்குள் முகம் இருக்கும் இடத்தை ஊகித்து அதன் மேல் தடவுவார்கள். மறுபடி தட்டி, கைகள் இருக்கும் இடத்தில் தடவுவார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். பையே கஃபனாகக் கருதப்பட்டது, அல்லது பைக்கு மேல் வெள்ளைத் துணி சுற்றினார்கள். இதற்கும் ஃபத்வா இருந்தது. கொள்ளைநோயில் இறந்தவர் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்ற நபிமொழி குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது. பர்மிங்ஹாமில் ஒரு பள்ளிவாசலின் வண்டி நிறுத்துமிடம் தற்காலிகப் பிணவறையானது. எந்த ஊதியமும் இல்லாமல் இந்த வேலையைச் செய்த தொண்டர்களை நினைக்கும்போது, அந்த இரண்டு ஆண்டுகளின் மிகப் பெரிய வணக்கம் எது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜனாஸாவில் (இறந்தவருக்கான தொழுகையில்) கலந்துகொள்ள முடியாதவர்களுக்கும் வழி இருந்தது. பள்ளியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு பெண் இறந்தபோது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தோழர்கள் இரவிலேயே அடக்கிவிட்டார்கள். பிறகு அறிந்த நபியவர்கள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, அவர் கபருக்கு (அடக்கக்குழிக்கு) போய் நின்று தொழுதார்கள். தனிமைப்படுத்தலில் இருந்து வெளியே வந்த பிள்ளைகள் இதைப் பின்பற்றி, வாரங்கள் கழித்து வாப்பாவின் கபர் முன் நின்று தொழுதார்கள். தொலைவில் இருந்தவர்கள் ஷாஃபிஈ, ஹன்பலி சட்டப்படி, உடல் எதிரில் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸா தொழுதார்கள்.

இந்த வாசலும் அடைபட்ட நாடு இலங்கை. கோவிட் உடல்களைப் புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மார்ச் வழிகாட்டுதல் அனுமதித்திருந்தது. ஆனால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று சொல்லி, ஏப்ரல் 11 வர்த்தமானி (அரசிதழ்) தகனத்தைக் கட்டாயமாக்கியது. மற்ற எல்லா இடத்திலும் ஃபிக்ஹு ஏதோ ஒரு சலுகையைக் காட்டியது. தாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை, மண்ணைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று மன்றாடிய குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை. சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்கவும் சவப்பெட்டிக்குப் பணம் கட்டவும் மறுத்தன. தம் கையால் நெருப்புக்குச் சம்மதம் எழுதித் தர அவர்களால் முடியவில்லை. பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தை பெற்றோர் விருப்பத்தை மீறி டிசம்பரில் எரிக்கப்பட்டது. அடுத்த நாட்களில் கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். கஃபன் துணியின் கிழிசல்கள். கட்டியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். ஓர் இரவில் அவற்றை அகற்றினார்கள், மக்கள் மறுபடி கட்டினார்கள்.

2021 பிப்ரவரி கடைசியில் விதி திருத்தப்பட்டது. மார்ச் முதல் கிழக்கே ஓட்டமாவடியில், ஒதுக்கப்பட்ட ஒரே இடத்தில் அடக்கத் தொடங்கினார்கள். தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் உடல்கள் நீண்ட தூரம் வண்டியில் வந்தன. ஓரிரு உறவினர்தான் கூட வர முடிந்தது. 3,000க்கும் மேற்பட்டவர்கள், பிற மதத்தினர் சிலரும் சேர்ந்து, அங்கே உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது.

ஓட்டமாவடிக்குப் பிள்ளைகள் போகிறார்கள், எண் எழுதிய கல்லைத் தேடி, பக்கத்தில் நின்று யாசீன் சூரா ஓதுகிறார்கள். அதற்கு முந்தைய பத்து மாதங்களில் எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் போய் நிற்க ஒரு கபர் இல்லை.